காகிதத்தில் தப்பிய இசை: பிராக், தெரெசின், ப்ர்னோ பயணக் குறிப்புகள்

ஞாயிறு, பெர்லினிலிருந்து பிராக்

எங்கள் இசைக்குழுவில் யாருக்கும் இசை பிழைப்பு இல்லை. பல் மருத்துவர் ஒருவர், வரிக் கணக்கு பார்ப்பவர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கணினியோடு மல்லுக்கட்டும் நான் என்று பலரும் வாரத்தில் ஒரு மாலை பள்ளிக்கூடம் ஒன்றில் கூடி வாசிக்கிறோம். சிறுவயதில் தரையில் சம்மணமிட்டு வயலினில் சரளி வரிசை பழகிய நான், இங்கே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டாம் வயலின்களின் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்கிறேன்.

இந்தப் பருவத்துக்கு எடுத்திருப்பது பாவெல் ஹாஸ் 1943இல் எழுதிய ‘தந்தி வாத்தியங்களுக்கான ஸ்டடி’. வாசிக்க எட்டு நிமிடம் பிடிக்கும். பழக ஒரு வருடம் பிடிக்கும் போலிருக்கிறது. முதல் ஒத்திகையிலேயே எங்கள் இசை நடத்துநர் டபுள் பாஸ்காரரைப் பார்த்துச் சொன்னார்: “உங்கள் கையில் இருக்கும் தாள் மட்டும் ஹாஸ் எழுதியது இல்லை.”

ஹாஸ் செக் நாட்டு ப்ர்னோ நகரத்துக்காரர், யூதர். 1941 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரெசின் என்ற கோட்டை நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சக கைதிகளை வைத்துத் தந்தி வாத்தியக் குழு அமைத்திருந்த காரெல் ஆன்செர்லுக்காக இதை எழுதினார். 1944 அக்டோபரில் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். உயிர் பிழைத்த ஆன்செர்ல் போர் முடிந்ததும் தெரெசினுக்குத் திரும்பித் தேடினார். முழுப் பிரதி கிடைக்கவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித்தாள்கள் கிடைத்தன, டபுள் பாஸ் தாளைத் தவிர. அந்த ஓட்டையைப் பின்னாளில் அடைத்தவர் லுபோமிர் பெடுட்ஸி, ஹாஸிடம் படித்த மாணவர்.

நம் ஊரில் ஒரு கீர்த்தனை குருவின் தொண்டையிலிருந்து சீடரின் தொண்டைக்குப் போய்ச் சேர்கிறது. பாடாந்தரம் இருக்கும்வரை ஏடு செல்லரித்தாலும் பாட்டு பிழைத்துக்கொள்ளும். இருபது பேர் ஆளுக்கொரு வரியாக வாசிக்கும் இசையை எந்த ஒரு தொண்டையும் சுமக்காது. காகிதம் போனால் அதோடு போயிற்று. எனில் அந்தக் காகிதங்களை யார் யார் காப்பாற்றினார்கள்? ஒத்திகை முடிந்து வீடு திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி விடவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ட்ரெஸ்டனைத் தாண்டியதும் ரயில் எல்பே ஆற்றை ஒட்டியே போகிறது. எதிர் இருக்கைக்காரர் மணற்பாறைகளைப் படமெடுத்துக்கொண்டே வந்தார். எல்லை கடந்து சற்று நேரத்தில் பொஹுஷோவிட்சே என்ற பெயர்ப்பலகை சன்னலில் வந்து மறைந்தது. விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை. 1943 ஜூன் வரை தெரெசினுக்கான ரயில்கள் அங்கேதான் நின்றன. இறங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு மீதித் தூரத்தை நடந்தார்கள்.

திங்கள், பிராக்

காலையில் பின்காஸ் சினகாக், யூதர்களின் பழைய வழிபாட்டுக்கூடம். உள்ளே சிற்பமோ சித்திரமோ இல்லை. சுவர் முழுக்கக் கையால் எழுதிய பெயர்கள். இன்றைய செக் நாட்டுப் பகுதிகளான பொஹீமியாவையும் மொராவியாவையும் சேர்ந்த, கொல்லப்பட்ட யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேர், பிறந்த தேதியோடும் கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதியோடும். கழுத்து வலிக்கும்வரை தேடியும் எனக்கு வேண்டிய பெயர்கள் அகப்படவில்லை. பின்னால் வந்த கூட்டம் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

இந்தச் சுவர்களின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பெயர்களை முதலில் எழுதியது 1950களில். 1968இல் நிலத்தடி நீர்க் கசிவு என்று சொல்லிக் கட்டடத்தை மூடினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம் முழுக்க அது மூடியே கிடந்தது, பெயர்களும் போய்விட்டன. 1992 முதல் 1996 வரை மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். ஆக, ஒரே பட்டியலை இரண்டு முறை எழுத வேண்டியிருந்திருக்கிறது. மறதிக்கு நாஜிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது என்று எனக்கு முதலில் உறைத்தது இங்கேதான்.

மாடியில் தெரெசின் குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமொன்று அங்கே சத்தமில்லாமல் நின்றிருந்தது.

மதியம் வினொஹ்ராடி பகுதிக்கு நடந்து போனேன். பெல்கிட்ஸ்கா தெருவில் அப்போது யூதச் சிறுவர்களுக்கான அநாதை இல்லமாக இருந்த கட்டடம் இன்று யூதப் பள்ளிக்கூடம். ஹான்ஸ் கிராசாவின் ‘ப்ருண்டிபார்’ என்ற குழந்தைகள் ஓபரா முதன்முதலில் நடந்தது இந்தக் கட்டடத்தில். 1938இல் ஒரு போட்டிக்காக எழுதியது அது. 1942 குளிர்காலத்தில், யூதர்களுக்குத் திரையரங்கோ பூங்காவோ கூடாது என்றிருந்த நாளில், பியானோவும் வயலினும் தாளமும் மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ரகசியமாக நடித்தார்கள். எழுதியவர் அதைப் பார்க்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பே அவரைத் தெரெசினுக்கு ஏற்றிவிட்டார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். இல்லத் தலைவரின் மகன் ருடால்ஃப் ஃப்ராய்டென்ஃபெல்ட் தன் பெட்டிக்குள் பாட்டும் பியானோவும் மட்டும் எழுதிய பிரதியை ஒளித்து எடுத்துப் போனார். முகாமில் என்னென்ன வாத்தியங்கள் கிடைக்கின்றன என்று பார்த்து, அதற்கேற்ப கிராசா எல்லாவற்றையும் மறுபடி எழுதினார்.

வாசலில் காவலர் நிற்கிறார். என்ன வேண்டும் என்றார். இசை என்று சொன்னால் புரியவைக்க நேரமாகும். பார்க்க வந்தேன் என்று சொல்லி நகர்ந்தேன்.

செவ்வாய், தெரெசின்

ஹொலெஷொவிட்சே ரயில் நிலையத்தின் வெளியே பஸ். ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் பிராக் யூதர்களைத் திரட்டிவைத்த இடமும், அவர்களை ரயிலேற்றிய புப்னி நிலையமும் இருந்தன. பஸ் ஓட்டுநர் வானொலியில் கால்பந்து அலசல் கேட்டுக்கொண்டே வந்தார்.

தெரெசின் முகாமாகக் கட்டிய ஊர் இல்லை. இரண்டாம் யோசேஃப் பேரரசர் 1780இல் கட்டத் தொடங்கித் தன் தாய் மரியா தெரசாவின் பெயரை வைத்த கோட்டை நகரம். அளவெடுத்து வெட்டியதுபோல் நேர்த்தெருக்கள், மஞ்சள் பூசிய படைவீடுகள், நடுவில் சதுக்கம், சுற்றிலும் அகழி. போருக்கு முன் படைவீரர்களையும் சேர்த்து 7,000 பேர் வசித்த இடத்தில் 1942 செப்டம்பரில் 58,000 பேரை அடைத்தார்கள். மொத்தம் 1,40,000க்கும் மேற்பட்டோர் இங்கே கொண்டுவரப்பட்டனர். பசியிலும் நோயிலும் இங்கேயே இறந்தவர்கள் ஏறத்தாழ 33,000 பேர். சுமார் 88,000 பேர் கிழக்கே, பெரும்பாலும் அவுஷ்விட்ஸுக்கு, அனுப்பப்பட்டார்கள்.

மாக்டெபுர்க் படைவீட்டில்தான் இசைக்கான காட்சிக்கூடம். கைதிகளின் நிர்வாகம் இங்கேதான் இயங்கியது. ‘ஓய்வுநேர ஏற்பாடு’ என்று அதில் ஒரு துறை. பெயரைப் பார்த்தால் சுற்றுலா விடுதி என்று நினைக்கத் தோன்றும். முதலில் வாத்தியங்கள் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது; ரகசியமாக உள்ளே வந்தன. கால்கள் இல்லாத பியானோ ஒன்று அகப்பட்டு, அதைப் பெட்டிகள்மேல் ஏற்றிவைத்து வாசித்தார்கள். நாளடைவில் முகாமை ஆண்ட நாஜிகளின் எஸ்.எஸ். படை கண்டுகொள்ளாமல் விட்டது. உலகத்துக்குக் காட்டிக்கொள்ள இதில் ஆதாயம் இருக்கிறது என்று பின்னால் அவர்களுக்கே தோன்றி, ஊக்குவிக்கவும் தொடங்கினார்கள். ஆகவே இங்கே எழுந்த இசையைக் ‘கலையின் வெற்றி’ என்று ஒரேயடியாகக் கொண்டாட எனக்கு நாக்கு வரவில்லை. வாசித்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தாள்களைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். ஸ்வரத்தாள் இங்கே அரிசிபோல் அரிதான சரக்கு. ஹாஸ் வந்து சேர்ந்தபோது உடம்பும் மனமும் ஒடிந்து, ஒரு வரிகூட எழுதாமல் இருந்தார். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பியானோ கலைஞர் கிடியோன் கிளைனுக்கு அது பொறுக்கவில்லை. கிடைத்த தாள்களில் தானே ஐந்தைந்து கோடுகளாக இழுத்து ஹாஸின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். இதைச் சொன்னவர் கிளைனின் அக்கா எலிஷ்கா. ஹாஸ் முதலில் எழுதியது ‘அல் ஸ்ஃபோட்’ என்ற ஆண்குரல் சேர்ந்திசை. புலம்பாதே என்று தொடங்கும் எபிரேயப் பாட்டு. அதன் அட்டையில், பார்ப்பதற்கு ஸ்வரக்குறிகள்போல் தெரியும்படி எபிரேய எழுத்துகளை ஒளித்துவைத்தார். தெரெசினில் தள்ளப்பட்ட முதலாவதும் கடைசியுமான ஆண்டின் நினைவாக என்பது அதன் பொருள். கடைசி ஆண்டாக அது அமையவில்லை.

இசை நடத்துநர் ரஃபாயெல் ஷெக்டர், வெர்டியின் ‘ரெக்வியெம்’ பாடவைத்ததும் இங்கேதான். 150 பேர் சேர்ந்திசைக் குழு. வேலை முடிந்து வந்த பசித்த மனிதர்கள் லத்தீன் வரிகளை மனப்பாடம் செய்தார்கள். ஒரு தொகுதி பேரை ரயிலேற்றுவார்கள். மிச்சமிருப்பவர்களோடு புதியவர்களைச் சேர்த்து மீண்டும் முதலிலிருந்து பழக்குவார். யூதர்கள் எதற்குக் கத்தோலிக்க இறுதிச் சடங்கின் இசையைப் பாட வேண்டும் என்று முகாமுக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. எனக்கு அந்த முணுமுணுப்பு பிடித்திருக்கிறது. பட்டினியிலும் இசைக்காகச் சண்டை போட அவர்களிடம் தெம்பு இருந்திருக்கிறது.

‘ப்ருண்டிபார்’ இங்கே அரங்கேறியது 1943 செப்டம்பர் 23 அன்று. நோயுற்ற தாய்க்குப் பால் வாங்கக் காசில்லாமல் சந்தையில் பாட வரும் அண்ணன் தங்கை. அவர்களை விரட்டும் ப்ருண்டிபார் என்ற, தெருவில் இசைப்பெட்டி சுற்றிப் பிழைப்பவன். குருவி, பூனை, நாய், தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அவனைத் துரத்துகிறார்கள். 55 முறை நடந்தது. வேடம் கட்டிய பிள்ளைகள் ஒவ்வொரு ரயிலிலும் போக, வேறு பிள்ளைகள் அந்த வேடத்துக்கு வந்தார்கள். 1944 ஜூன் 23இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் வந்தபோது அவர்களுக்கும் போட்டுக் காட்டப்பட்டது. அந்த வருகைக்காக ஊருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ரோஜா நட்டார்கள், சதுக்கத்தில் இசை மண்டபம் எழுப்பினார்கள். கூட்டம் நெரிசலாகத் தெரியக்கூடாது என்று அதற்கு முந்தைய மாதம் 7,503 பேரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்.

பிறகு ஒரு பிரசாரப் படமும் எடுத்தார்கள். அதன் மிஞ்சிய துண்டுகளைக் கெட்டோ அருங்காட்சியகத்தில் பார்த்தேன். ஆன்செர்ல் நடத்த, நாங்கள் பழகிக்கொண்டிருக்கும் அதே ‘ஸ்டடி’. மேடை ஓரத்தில் பூந்தொட்டிகள். வாசிப்பவர்களின் செருப்பு தெரியாமலிருக்க வைத்தவையாம். முடிந்ததும் கண்ணாடி அணிந்த மனிதர் எழுந்து தலை வணங்குகிறார். ஹாஸ். வில்லின் வேகத்தைக் கவனித்தேன். நாங்கள் வாசிப்பதைவிட இறுக்கமாக, கூராக வாசிக்கிறார்கள். எங்கள் முதல் வயலின்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்வார்.

படப்பிடிப்பு முடிந்தது செப்டம்பரில். செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 28 வரை பதினொரு ரயில்களில் 18,000க்கும் மேற்பட்டவர்களை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அக்டோபர் 16 ரயிலில் விக்டர் உல்மான் என்ற இசையமைப்பாளர், ஹாஸ், கிராசா, கிளைன், ஷெக்டர், ஆன்செர்ல் எல்லாரும் இருந்தார்கள். ஒரு ரயில்.

புதன், தெரெசின், பொஹுஷோவிட்சே

இரவு தங்கியது அருகிலுள்ள லிதொமெரிஸில். அழகான ஊர், அதைப் பற்றி எழுத மனம் இல்லை.

சின்னக் கோட்டை ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப் போருக்குத் தீ வைத்த கவ்ரீலோ ப்ரின்ட்ஸிப் இங்கேதான் சிறையிருந்தார்; 1918இல் தெரெசின் மருத்துவமனையில் இறந்தார். பின்னர் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் சிறை. இங்கே இறந்த ஒரு இசையமைப்பாளரைப் பற்றிப் பிராக் போனதும் எழுதுகிறேன்.

ஒஹ்ரே ஆற்றங்கரையில் ஒரு நினைவுச்சின்னம். 1944 நவம்பரில், எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 22,000 பேரின் சாம்பலை, தடயம் மிஞ்சக்கூடாதென்று, இந்த ஆற்றில் கொட்டவைத்தார்கள்.

அங்கிருந்து பொஹுஷோவிட்சே வரை நடந்தேன். மொத்தம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். தெரெசினுக்குள் பழைய தண்டவாளத்தின் ஒரு துண்டு இன்னும் கிடக்கிறது. கைதிகளையே வேலை வாங்கிப் போட்ட கிளைப்பாதை அது. போகிற வழியில் கிளைனின் தந்தி வாத்திய ட்ரையோவைக் கேட்டுக்கொண்டே போனேன். வயலின், வயோலா, செலோ. அந்த ரயிலுக்கு ஒன்பது நாட்கள் முன்பு முடித்த படைப்பு. நடுப்பகுதி ஒரு மொராவிய நாட்டுப்பாடலின்மீது எழுந்த மாறுபாடுகள். முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு பகுதிகளும் துள்ளுகின்றன. துயரத்தைத் தேடிக்கொண்டு இதைக் கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள். செலோ தனியாகப் பேசத் தொடங்கும் ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். சைக்கிளில் வந்தவர் மணியடித்து வழிவிடச் சொன்னார்.

கிளைன் 1945 ஜனவரியில் ஃபூர்ஸ்டென்குரூபே சுரங்க முகாமில் இறந்தார். வயது 25. முகாமில் எழுதியவற்றைப் புறப்படுமுன் தோழி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிழைத்து வந்த அக்காவிடம் அவள் அவற்றைச் சேர்த்தாள். எலிஷ்கா தம்பியின் படைப்புகளைப் பிரபலப்படுத்துவதையே தன் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். அத்தோடு கதை முடியவில்லை. முகாமுக்குப் போகுமுன் நண்பர்கள் வீட்டில் கிளைன் பூட்டிவைத்துவிட்டுப் போன பெட்டி 1990இல் திறக்கப்பட்டது. உள்ளே பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் எழுதிய படைப்புகள்.

பொஹுஷோவிட்சே நிலையத்தில் தேநீர்கூடக் கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தபோது பெர்லின் திசையிலிருந்து ஒரு விரைவு ரயில் நிற்காமல் போயிற்று.

வியாழன், லிதொமெரிஸ்

மழை. வெளியே போகவில்லை. விடுதி அறையில் விக்டர் உல்மானின் ‘அட்லாண்டிஸின் பேரரசன்’ ஓபராவை இரண்டு முறை கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

உல்மான் 1898இல் தெஷன் ஊரில் பிறந்தவர், பழைய இசை இலக்கணத்தை உடைத்த ஷோன்பெர்க்கிடம் படித்தவர். 1942 செப்டம்பரில் தெரெசினுக்கு வருமுன்பே அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. முகாமில் எழுதியதோடு நில்லாமல், சக கைதிகளின் கச்சேரிகளுக்கு விமர்சனமும் எழுதினார். 26 விமர்சனங்கள் கிடைத்திருக்கின்றன. சலுகை கொடுத்து எழுதியதாகத் தெரியவில்லை.

ஓபராவின் கதையை எழுதியவர் பேட்டர் கீன் என்ற இளம் ஓவியர். எல்லாருக்கும் எதிராக எல்லாரும் போரிட வேண்டும் என்று பேரரசன் ஒருவன் ஆணையிடுகிறான். சாவுக்குக் கோபம் வருகிறது. இப்படி மொத்தமாகக் கொல்வது என் தொழிலுக்கு அவமானம் என்று வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. அதன்பிறகு யாராலும் சாக முடியவில்லை. தூக்கில் போட்டவன் சாகவில்லை, சுடப்பட்டவன் சாகவில்லை. கடைசியில் சாவு ஒரு நிபந்தனை வைக்கிறது: நான் வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் முதல் ஆளாக நீ வர வேண்டும். பேரரசன் சம்மதிக்கிறான்.

இசைக்குழுவில் பாஞ்சோ, சாக்ஸஃபோன், ஹார்மோனியம். கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தக் கலவையின் கரகரப்பு இந்தக் கதைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. ஜெர்மன் தேசிய கீதத்தின் மெட்டு ஓரிடத்தில் சோகச் சாயல் கொண்ட மைனர் ஸ்வர வரிசையில், வாடிப்போய் வருகிறது. முடிவில் லூத்தரின் பழைய தேவாலயப் பாட்டின் மெட்டு, சாவை வரவேற்கும் வேறு வரிகளோடு. 1944இல் ஒத்திகைவரை போயிற்று; அரங்கேறவில்லை.

ரயிலேறுமுன் தன் தாள்களையெல்லாம் முகாம் நூலகத்தைக் கவனித்துவந்த தத்துவப் பேராசிரியர் எமில் உட்டிட்ஸிடம் உல்மான் கொடுத்தார். உட்டிட்ஸ் பிழைத்தார். அவரிடமிருந்து அவை எழுத்தாளர் ஹெச். ஜி. ஆட்லரின் கைக்குப் போயின. ஓபராவின் தட்டச்சுப் பிரதியில் சில தாள்களின் பின்பக்கம் கைதிகளைப் பதிவுசெய்யும் படிவம். ஓபரா முதன்முதலில் மேடையேறியது 1975 டிசம்பர் 16, ஆம்ஸ்டர்டாமில். எழுதி 31 ஆண்டுகள் கழித்து. இன்று தாள்கள் சுவிட்சர்லாந்தின் பாசலில் உள்ள பவுல் சாக்கர் அறக்கட்டளையில் இருக்கின்றன.

உல்மானின் நகைச்சுவை கரி நிறத்தது. பியானோ சொனாட்டா ஒன்றின் கையெழுத்துப் பிரதியில், வாசிக்கும் உரிமை இசையமைப்பாளரின் ஆயுள்வரை அவருக்கே உரியது என்று எழுதிவைத்திருக்கிறார். 1944 ஆகஸ்டில் முடித்த ஏழாம் சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் ஓர் எபிரேயப் பாடலை எடுத்துக்கொண்டு, அதற்குள் பழைய செக் சமயச் சீர்திருத்தக்காரர்களான ஹுஸ்ஸைட்டுகளின் போர்ப்பாடலையும், ஜெர்மன் தேவாலய கீதத்தையும், பாஹின் பெயரெழுத்துகளில் அமைந்த ஸ்வரங்களையும் பின்னியிருக்கிறார். தாளில் எங்கெங்கே எந்த வாத்தியம் என்றும் குறிப்பு இருக்கிறது. சிம்பொனியாக ஆக்கும் எண்ணம் இருந்திருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் கொல்லப்பட்டார்.

வெள்ளி, ப்ர்னோ

பிராக் வழியாக ரயில். வழியெல்லாம் ஒரு எரிச்சல். இணையத்திலும் இசைத்தட்டுகளின் உறைகளிலும் இவர்கள் எல்லாரையும் ‘தெரெசின் இசையமைப்பாளர்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறார்கள். அட்டையில் முள்வேலிப் படம். ஹாஸ் பிறந்தது 1899. தெரெசினில் இருந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. மிச்சம் எங்கே போயிற்று என்று பார்க்கத்தான் ப்ர்னோ.

ஹாஸின் அப்பா காலணி வியாபாரி. மகன் 1920 முதல் 1922 வரை செக் இசையமைப்பாளர் யானாசெக்கின் வகுப்பில் படித்தார். யானாசெக் நடத்திய ஆர்கன் பள்ளியின் தோட்டத்தில், அவர் குடியிருந்த சிறு வீடு இப்போது நினைவகம். அங்கே பியானோவைப் பார்த்தேன், சாதாரணமாக இருக்கிறது. யானாசெக் தெருவில் மக்கள் பேசும் ஏற்ற இறக்கத்தையெல்லாம் ஸ்வரப்படுத்திக் குறித்து வைத்தவர். அந்தக் காது சீடனுக்கும் வாய்த்திருக்கிறது.

ஹாஸ் 1925இல் எழுதிய இரண்டாம் குவார்ட்டெட்டின் பெயர் ‘குரங்கு மலைகளிலிருந்து’. மொராவிய மேட்டுநிலத்துக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த கேலிப் பெயர் அது. கோடை விடுமுறையில் போய்வந்த கதை: வண்டியும் குதிரையும், நிலவு, கடைசியில் விடிய விடியக் கூத்து. அந்தக் கடைசிப் பகுதியில் நான்கு தந்தி வாத்தியங்களோடு ஜாஸ் தாள வாத்தியங்களும் சேர்ந்துகொண்டு ரகளை செய்கின்றன. அரங்கேற்றத்துக்குப் பிறகு விமர்சகர்கள் முகம் சுளிக்க, ஹாஸ் தாளத்தை எடுத்துவிட்டார். தவறு என்பேன். பிராக்கில் 2002இல் தொடங்கி அவர் பெயரையே சூடியிருக்கும் பாவெல் ஹாஸ் குவார்ட்டெட், தாளத்தோடு சேர்த்தே இதைப் பதிவு செய்திருக்கிறது, அதைக் கேளுங்கள். ஹாஸை முதலில் கேட்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், தெரெசின் படைப்புகளை இல்லை.

மாலையில் மாஹென் நாடக அரங்கம். 1882இல் கட்டியபோதே எடிசன் நிறுவனத்தின் மின்விளக்குகளை ஏற்றிய அரங்கம் என்று ஊரார் பெருமைப்படுகிறார்கள். ஹாஸின் ஓபரா ‘ஷார்லடான்’ 1938 ஏப்ரல் 2 அன்று இங்கே அரங்கேறியது. ஊர் ஊராகப் போகும் போலி வைத்தியனின் கதை. கதைமூலம் ஒரு ஜெர்மன் எழுத்தாளருடையது. யூதரோடு சேர்ந்து படைத்தார் என்றால் அந்த எழுத்தாளருக்கு ஆபத்து என்பதால் மூலத்தை ஹாஸ் வெளியே சொல்லவில்லை. கைதட்டல் பலமாகவே இருந்தது. அடுத்த மார்ச்சில் ஹிட்லரின் படை ப்ர்னோவுக்கு வந்தது. ஓபரா மறுபடி மேடையேறியது 1998இல், அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்ட் விழாவில்.

போரின் போது மனைவிக்கும் மகளுக்கும் தீங்கு வரக்கூடாதென்று ஹாஸ் சட்டப்படி மணவிலக்குப் பெற்றார். மனைவி மருத்துவர், யூதர் அல்லர். இந்த மணவிலக்கு அவர்களைக் காப்பாற்றியது. அண்ணன் தம்பிகளில் இன்னொருவரான திரைநடிகர் ஹூகோ ஹாஸ் அமெரிக்காவுக்குத் தப்பினார்.

போருக்குப் பிறகு இவர்கள் மறக்கப்பட்டது எப்படி என்பதற்கும் இங்கேதான் விடை. 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி. 1952இல் கட்சித் தலைவர்கள்மீதே நடந்த ஸ்லான்ஸ்கி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 14 பேரில் 11 பேர் யூதர்கள்; ‘வேரற்ற உலகக் குடிகள்’ என்பது வசைச்சொல். ஜாஸ், ஷோன்பெர்க், எபிரேயப் பாட்டு எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மேற்கிலோ புதிய தலைமுறைக்கு இவர்களின் மெட்டுகள் பழைய பாணியாகத் தெரிந்தன. நடுவில் சிக்கிய இசையைத் தூக்கிச் சுமக்க, வாசித்துக் காட்ட வேண்டியவர்கள் உயிரோடு இல்லை. பெடுட்ஸி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஹாஸைப் பற்றிய அவரது முழுநூல் வெளிவந்தது 1993இல்.

சனி, பிராக்

ஹாஸின் பேச்சில் இசையமைப்பாளர் எர்வின் ஷுல்ஹோஃபை விட்டுவிட்டேன். பிராக்கில் பிறந்தவர், கலை மரபுகளைக் கேலி செய்த டாடாயிஸ்டுகளின் நண்பர், கம்யூனிஸ்ட். 1919இல் முழுக்க முழுக்க மௌனக் குறிகளால் மட்டுமே ஒரு பியானோப் படைப்பு எழுதியவர். அதை முழு உணர்ச்சியோடு வாசிக்க வேண்டும் என்று குறிப்பு வேறு. 1941இல் சோவியத் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு ஜூனில் கைதாகி, 1942 ஆகஸ்டில் பவேரியாவின் வூல்ட்ஸ்புர்க் முகாமில் காசநோயில் இறந்தார். தெரெசின் கட்டுக்குள் அடங்காதவர் என்பதாலோ என்னவோ, அவர் பெயர் இன்னும் குறைவாகவே அடிபடுகிறது.

இன்று பார்க்கப் போனது பங்க்ராட்ஸ் சிறை. இன்றும் சிறைதான், உள்ளே விடமாட்டார்கள். சாலையோரத்தில் நின்று உயர்ந்த சுவரையும் பால் கண்ணாடிச் சன்னல்களையும் பார்த்தேன். சின்னக் கோட்டையில் இறந்தவர் என்று நான் சொன்ன இசையமைப்பாளர் ருடால்ஃப் காரெல் இங்கே இருந்தார். புகழ்பெற்ற செக் இசையமைப்பாளர் த்வொர்ஷாக்கின் கடைசி மாணவர்களில் ஒருவர், யூதர் அல்லர். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததற்காக 1943இல் பிடித்தார்கள். அப்போது அவருக்கு வயது 62.

சிறையில் ஸ்வரத்தாள் ஏது, பென்சில் ஏது? கழிவறைக் காகிதத்தில், மருந்துக்கென்று கொடுத்த கரியைக் கொண்டு எழுதினார். அப்படி எழுதியது ஒரு ஒன்பது வாத்தியப் படைப்பும் ஒரு முழு நீள ஓபராவும். ஓபரா என்றதும் சோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘எல்லாம் அறிந்த தாத்தாவின் மூன்று முடிகள்’ என்ற தேவதைக் கதை. காவலர் ஒருவர் அந்தக் காகிதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கடத்தினார். பிறகு காரெலைத் தெரெசினின் சின்னக் கோட்டைக்கு மாற்றினார்கள். 1945 மார்ச் 6 அன்று அங்கே இறந்தார். விடுதலைக்கு இரண்டு மாதம் இருந்தது. கரி எழுத்து அழிவதற்குள் அவருடைய மாணவர் ஸ்பிநெக் வொஸ்த்ரஷாக் அதைப் படித்தெடுத்து, வாத்தியங்களுக்கு விரித்து எழுதி முடிக்க, 1948இல் பிராக் தேசிய அரங்கில் ஓபரா மேடையேறியது.

மதியம் ஒரு இசைப் புத்தகக் கடை. கிளைனின் ட்ரையோ இருக்கிறதா என்று கேட்டேன். தெரெசின் என்று தனி அலமாரி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். கடைக்காரர் நேராக ‘க’ வரிசைக்குப் போய், கபெலாச், குளுசாக் என்ற வேறு இரு செக் இசையமைப்பாளர்களுக்கு நடுவிலிருந்து உருவிக் கொடுத்தார். விலையைப் பார்த்து ஒரு கணம் தயங்கிப் பிறகு வாங்கினேன். காரெலின் ஓபராப் பிரதி உண்டா என்றேன். உதட்டைப் பிதுக்கினார். பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள், திங்கட்கிழமை திறப்பார்கள் என்றார். என் ரயில் நாளைக் காலை.